ஐந்தாம் அடி

நவரட்ணத்துக்கு முதற் சந்தேகம் வந்தது தேத்தண்ணீரில்.

அவர் இருபத்திரண்டு வருடமாக நீரிழிவுக்காரர். அந்த இருபத்திரண்டு வருடமும் அவருடைய மனைவி இராஜேஸ்வரி சீனிப் போத்தலை இடம் மாற்றி மாற்றி ஒளித்துவந்தாள். ஒருமுறை அது அரிசி வாளிக்குள் இருந்தது. இன்னொருமுறை பிள்ளையார் படத்துக்குப் பின்னால், பிள்ளையாரின் நேரடிக் காவலில். அப்படிப்பட்டவள் ஆகஸ்ட் மாதத்து ஒரு காலையில் கேட்காமலே அவருடைய கோப்பைக்குள் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கினாள்.

"என்னப்பா, கை தவறிப்போச்சோ?"

"இல்லை. குடியுங்கோ. ஆசைக்குக் குடியுங்கோ."

குடித்தார். நல்ல இனிப்பு. அப்படியொரு பயங்கரமான தேத்தண்ணீரை அவர் வாழ்நாளில் குடித்ததில்லை.

மூன்று கிழமைக்கு முன்னர் ஹொஸ்பிற்றலில் ஒரு பிழை நடந்திருந்தது. செய்தவர் நவரட்ணம்தான். வயிற்று நோவுக்கு ஸ்கான் எடுத்து, இரத்தம் எடுத்து, திரும்பவும் ஸ்கான் எடுத்து, கடைசியில் ஒரு பெரிய டொக்ரரிடம் அனுப்பியிருந்தார்கள். பெரிய டொக்ரர் ஓடுகிற சப்பாத்துப் போட்ட ஒரு சின்னப் பெண். அவள் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "திரு நவரட்ணம், முடிவுகளை உங்களிடமே சொல்லவா, அல்லது மகளிடம் சொல்வதை விரும்புகிறீர்களா?"

முப்பது வருடம் கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் ஆங்கிலத்திலேயே சண்டை பிடித்து ஓய்வுபெற்றவர் அவர். கேள்வி நன்றாக விளங்கியது. ஆனால் பக்கத்தில் மகள் தனுஷிகா இருந்தாள், மனைவி இருந்தாள். ஒரு தகப்பன் கம்பீரமாக இருந்து காட்டக்கூடிய சந்தர்ப்பங்கள் கனடாவில் குறைவு. நவரட்ணம் கதிரையில் சாய்ந்து, கையை ஒரு வீசு வீசி, "ஷீ இஸ் த பொஸ். டெல் ஹேர் எவ்ரிதிங்" என்றார். படிவத்தில் கையெழுத்தும் போட்டார். பிறகு அவரும் இராஜேஸ்வரியும் வெளியே போய், பழச்சாறு விற்கும் மெசினுக்கு முன்னால் நாற்பது நிமிடம் இருந்தார்கள்.

தனுஷிகா முகம் கழுவிய ஈரத்தோடு வந்தாள்.

"அப்பா, குட் நியூஸ். ஒப்பரேசன் தேவையில்லையாம்!"

நவரட்ணம் அன்றைக்கே பன்னிரண்டு பேருக்கு ரெலிபோன் எடுத்து, கத்தி வைக்கத் தேவையில்லை என்ற செய்தியை அறிவித்தார். கத்தி வைக்கத் தேவையில்லாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம் என்பது அந்தத் தேத்தண்ணீரின் இரண்டாவது மிடறில்தான் மண்டைக்குள் ஏறியது.

அதற்கடுத்த சனிக்கிழமை மகேஸ்வரன் வந்தான், ஒஷாவாவிலிருந்து, ஒரு பெட்டி மாம்பழத்தோடு. மகேஸ்வரன் நவரட்ணத்தின் மச்சான். தன் மகனின் கல்யாண அல்பத்தில் நவரட்ணத்தின் தலையைப் பாதியில் வெட்டி அச்சடித்ததற்காக இரண்டு வீட்டுக்கும் பதினொரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"மச்சான், ஆள் சோக்கா இருக்கிறாய்," என்றான் மகேஸ்வரன், வாசலில் கிடந்த நவரட்ணத்தின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு.

"நீ ஏன் இப்ப வந்தனீ?"

"சும்மா. இந்தப் பக்கம் ஒரு அலுவல்."

ஒஷாவாவிலிருந்து நவரட்ணம் இருக்கிற அஜின்கோர்ட்டுக்கு 401 நெடுஞ்சாலையில் ஒருவரும் சும்மா வருவதில்லை. அப்படி வருகிறவனைப் பொலிஸ் மறித்து விசாரிக்கவேண்டும். மகேஸ்வரன் இரண்டு மணித்தியாலம் இருந்தான். புறப்படும்போது கட்டிப்பிடித்தான்.

"அல்பத்தில உன்ர தலையை வெட்டினது அந்தப் படக்காரன், நானில்லை. அதை மனசில வைச்சுக்கொண்டு போயிடாத."

"எங்க போக?"

மகேஸ்வரன் மற்றக் கால் சப்பாத்தை மிகவும் கவனமாகத் தேடினான். அது அவனுடைய காலில்தான் இருந்தது.

கேட்டுவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். யாரிடம் கேட்பது? தனுஷிகாவிடம் கேட்டால் "அப்பா, யூ ஆர் ஃபைன்" என்பாள். எல்லாவற்றுக்கும் தயார் என்று கையை வீசியவர் மூன்று கிழமையில் "பிள்ளை, நான் சாகப்போறனோ?" என்று கேட்டால், வீசிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒருநாள் துணிந்து டொக்ரரின் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தார். போன் எடுத்த பெண் பதிவைப் பார்த்துவிட்டு, "மகள் பக்கத்தில் இருக்கிறாரா, சேர்?" என்றாள், பாலர் வகுப்புப் பிள்ளையிடம் கேட்பதுபோல. நவரட்ணம் இலக்கம் பிழைத்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தார்.

கீழே பேஸ்மென்றில் ஐரிஷ் மாஸ்டர் இருந்தார். பெயர் கோர்மக் ஹெனிகன், வயது எழுபத்தொன்று. நாலு வருடத்துக்கு முன் வாடகைக்கு விண்ணப்பித்தபோது, மற்றவர்கள் வேலைக் கடிதம் இணைக்கிற இடத்தில் அவர் இரண்டு பக்கத்தில் தன்னுடைய வாழ்க்கை வரலாற்றை இணைத்திருந்தார். தனுஷிகா அதைச் சத்தமாக வாசித்து மொழிபெயர்த்தாள். அயர்லாந்தில் லீட்ரிம் என்கிற, ஆட்களைவிட மழை கூடிய ஒரு மாவட்டத்தில் பிறப்பு. டப்ளினில் இசைப் படிப்பு. இருபத்துநாலு வயதில் வயலின்களுக்கும் ஒரு பெண்குரலுக்குமாக எழுதிய முதற்படைப்புக்குப் பெரிய பரிசு. அது வானொலியில் ஒலிபரப்பானது. பிறகு ரொறன்ரோ. ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருடம் இசை எழுதக் கற்பித்தார். மாணவர்களில் இருவர் அமெரிக்காவில் தொலைக்காட்சிக் கொலைத் தொடர்களுக்கு இசை போடுகிறார்கள், ஒருவர் பல் டொக்ரர், மிச்சப்பேர் ஆசிரியர்களாகி வியாதியைப் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். படைப்புகள் மொத்தம் பதினொன்று. ஒன்பது மெதுவானவை. மற்ற இரண்டும் அவற்றைவிட மெதுவானவை. "வராத பஸ்ஸுக்குக் காத்து நிற்பதுபோன்ற இசை" என்று ஒரு விமர்சகர் எழுதியதையும் மனிதர் மறைக்காமல் சேர்த்திருந்தார். கடைசிப் படைப்புக்குப் பிறகு ஏழு வருடம் வெறுமையாகக் கிடந்தது.

"எழுதுற ஆள்தானே," என்று இராஜேஸ்வரி அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னாள். "சத்தம் இராது."

அடுத்த கிழமை அவருடைய பியானோ வந்து, படிக்கட்டின் கைபிடியை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியது. ஆனாலும் அவள் சொன்னது சரிதான். நாலு வருடமாக மாஸ்டர் பியானோவுக்கு முன்னால் இருந்தாரே தவிர, ஒன்றும் எழுதவில்லை. சில நாட்களில் ஒரு சுரம் அழுத்துவார். பிறகு அதற்காக வருந்துவதுபோல் வெகுநேரம் மௌனமாக இருப்பார்.

ஆகஸ்ட் கடைசியில் அந்த மௌனம் முடிந்தது.

நவரட்ணத்தின் சாய்கதிரை வரவேற்பறையில், நிலத்தில் சூட்டுக் காற்று வருகிற வென்ற் துவாரத்துக்கு மேலே இருந்தது. தகரக் குழாய் நேரே கீழே போகிறது. கீழே பென்சில் விழுந்தாலும் மேலே கேட்கும். செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு இராஜேஸ்வரி உடுப்புத் தோய்க்கக் கீழே போனாள். மெசின் சுற்றத் தொடங்கியது. பியானோவில் ஒற்றைச் சுரம் ஒன்று விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இராஜேஸ்வரியின் குரல் எழும்பியது.

பனிக்குள்ளே வேலைக்குப் போய் – என்ர துரையே
பாதம் வெடிச்சு வந்தியளே

நவரட்ணம் ஆடாமல் இருந்தார். அவருடைய மனைவி ஒப்பாரியில் பெயர் எடுத்தவள். ஸ்காபரோவிலே செத்த வீடென்றால் முதற் குரல் அவளுடையதுதான். பக்கத்து மண்டபத்தில் வேறு பிரேதம் இருக்கிறது, கொஞ்சம் அடக்கி வாசியுங்கள் என்று ஃபியூனரல் ஹோம் மனேஜர் இரண்டுமுறை வந்து கெஞ்சியிருக்கிறான். அவளுடைய பகுதிப் பெண்கள் ஒப்பாரியில் தகப்பனை ஒரு சொல்லால் அழைப்பார்கள், தமையனை இன்னொரு சொல்லால். "துரையே" புருஷனுக்கு மட்டும் உரியது. நவரட்ணம் இராஜேஸ்வரியின் புருஷன்மாரை மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். எத்தனை முறை எண்ணினாலும் ஒருவர்தான் வந்தார்.

கண்டறியா நாட்டினிலே – என்ர துரையே
கல்வீடு கட்டினியளே

அத்தோடு நின்றது. பியானோ பழையபடி முதல் அடியைத் தட்டியது. இராஜேஸ்வரி முதலில் இருந்து பாடினாள்.

பிணமில்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் அந்தப் பாட்டு ஆள் தேடும் என்பார்கள். இந்தப் பாட்டு தேடவேண்டிய தேவையே இல்லை. ஆள் நேரே மேலே, சாய்கதிரையில், காலை நீட்டிக்கொண்டு இருந்தது.

அன்றைக்கு அவருக்கு வந்தது கோபமா பயமா என்று அவருக்கே விளங்கவில்லை. பின்னேரமளவில் இரண்டும் அடங்க, ஒரு யோசனை எழும்பியது. ஒப்பாரிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் உழைப்பு, பிறகு வீடு வாசல், அதற்குப் பிறகு வந்த வருத்தம். என்ன நோய், எங்கே பிடித்தது, வைத்தியன் என்ன சொன்னான் என்று விபரமாகப் பாடாமல் எந்த ஒப்பாரியும் முடிந்ததில்லை. மகள் மறைக்கிறாள், மனைவி சிரிக்கிறாள், மச்சான் சப்பாத்தைத் தேடுகிறான். இந்த வீட்டில் பொய் சொல்லாத மருத்துவ அறிக்கை ஒன்றே ஒன்றுதான், அது செவ்வாயும் வியாழனும் இரண்டு மணிக்குத் தகரக் குழாய்க்குள்ளால் வருகிறது. நாலு அடி முடிந்துவிட்டது. ஐந்தாம் அடி நோயாகத்தான் இருக்கவேண்டும்.

ஆனால் ஐந்தாம் அடி வரவில்லை.

செப்டெம்பர் முழுக்க நவரட்ணம் வென்ற் துவாரத்துக்கு மேலே காத்திருந்தார். ஒவ்வொரு முறையும் கல்வீடு கட்டி முடியும். அவர் மூச்சைப் பிடிப்பார். உடனே அந்தப் பாழாய்ப்போன பியானோ திரும்பவும் பனிக்குள்ளே வேலைக்கு அனுப்பும். முப்பத்தொரு வருடம் கற்பித்த மனிதனின் வியாதி இது என்று நவரட்ணம் முடிவெடுத்தார். ஒரு வரியைச் செம்மையாக்காமல் அடுத்த வரிக்குப் போக விடமாட்டார்கள். இவருடைய செம்மை முடிவதற்குள் தன்னுடைய காலம் முடிந்துவிடும், என்ன வருத்தத்தில் செத்தேன் என்று தெரியாமலே செத்துப்போவேன் என்று அவர் பயந்தார். அந்தப் பயம் சாவுப் பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

குப்பை லொறி வருகிற ஒரு நாளில் மாஸ்டரை வாசலில் பிடித்தார். மாஸ்டர் ஓடிவந்து குப்பைத் தொட்டியை அவருடைய கையிலிருந்து வாங்கினார். நாலு வருடத்தில் ஒருநாளும் வாங்காதவர்.

"உடம்பு எப்படி, திரு நவரட்ணம்?" என்றார் ஆங்கிலத்தில். அந்தக் கேள்வியில் தேவைக்கு மிஞ்சிய அன்பு இருந்தது.

"கீழே ஏதோ எழுதுறீங்கள் போல?"

"ஓம், பதினொரு வருடத்துக்குப் பிறகு. நவம்பர் கடைசியில் கச்சேரி. ஒரு குரலும் நாலு தந்தி வாத்தியமும்."

"முடிஞ்சுதா?"

"முடிவு மட்டும் இன்னும் இல்லை." மாஸ்டர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "காத்திருக்கிறேன்."

தெருவில் ஒரு கார் போனது. நவரட்ணம் தன்னுடைய ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தார்.

"உங்கட முதல் பாட்டில ஒரு பொம்பிளைக் குரல் எண்டு எழுதியிருந்தீங்கள். ஆரின்ர குரல் அது?"

மாஸ்டர் தொட்டியின் மூடியை ஒருமுறை திறந்து மூடினார்.

"என் அம்மாவுடையது. அப்பா இறந்தபோது பாதிரியார் அழுது பாடக்கூடாது என்றிருந்தார். அம்மா மாட்டுக் கொட்டிலுக்குள் போய், பால் கறந்துகொண்டு பாடினாள். நான் சுவருக்கு மற்றப் பக்கம் நின்றேன். கையில் விதைக் கடைக்காரன் தந்த ஒரு புத்தகம் இருந்தது. அதன் பின்னட்டையில் அந்த மெட்டை எழுதினேன். ஐந்து வருடம் கழித்து ஒருநாள் பகல் அம்மா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோது அது வானொலியில் வந்தது."

"சந்தோசப்பட்டிருப்பா."

"வானொலியைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்து மழைப் பீப்பாய்க்குள் போட்டாள். திரும்பி வந்து மிச்சக் கிழங்கையும் சீவினாள். பிறகு ஒன்பது வருடம் உயிரோடு இருந்தாள். என்னோடு பேசவில்லை." அவர் தொட்டியைத் தெருவோரமாக நகர்த்தினார். "அதனால் இப்போதெல்லாம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன்."

"ஆரிட்டை கேட்டனீங்கள்?"

மாஸ்டருக்கு அந்த நேரம் பார்த்துத் தொட்டியின் சில்லில் ஏதோ கோளாறு தென்பட்டது. குனிந்துவிட்டார்.

ஒக்ரோபர் இரண்டாம் கிழமை குளிர் இறங்கியது. செவ்வாய்க்கிழமை கல்வீடு கட்டி முடிகிற அதே நொடியில் ஹீற்றர் தானாக விழித்து, குழாய் முழுக்க ஊவென்று காற்றை ஊதியது. அந்த இரைச்சலுக்குள் இராஜேஸ்வரி ஐந்தாம் அடியைப் பாடினாளோ பாடவில்லையோ, ஆருக்குத் தெரியும்? நவரட்ணம் எழும்பிப்போய் ஹீற்றரை அடியோடு நிற்பாட்டினார். அன்றைக்கிருந்து வீட்டுக்குள் ஸ்நோ ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு இருந்தார். இராஜேஸ்வரி ஏன் என்று கேட்கவில்லை. அவள் இப்போது எதற்கும் ஏன் என்று கேட்பதில்லை. ஒரு சால்வை எடுத்துப் போர்த்துக்கொண்டு சமைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தனுஷிகா ஸ்ரௌவ்வில்லில் இருந்து வந்தாள். அவள் அங்கேதான் புருஷனோடு புது வீட்டில் இருக்கிறாள்.

"அப்பா, வை இஸ் இட் ஃப்ரீசிங் இன் ஹியர்? ஹீற்றர் பழுதோ?"

"இல்லை, நான்தான் நிப்பாட்டினனான். எனக்கு வேர்க்குது."

சும்மா சொன்ன பொய்தான். தனுஷிகாவின் முகம் மாறியது. "எப்பயிருந்து வேர்க்குது? இரவிலயோ? பகலிலயோ?" என்று கேட்டுப் போனில் குறித்துக்கொண்டாள். பிறகு குளியலறைக்குள் போய்ப் பத்து நிமிடம் பைப்பைத் திறந்துவிட்டாள். நவரட்ணம் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் எல்லோரும் ஏதோ ஒரு சத்தத்துக்குப் பின்னால் நின்றுதான் அழுகிறார்கள்.

அடுத்த செவ்வாய் வீடு பிரேத அறைபோல் குளிர்ந்து கிடந்தது. நல்ல அமைதி. பாதம் வெடித்தது. கல்வீடு எழும்பியது. பியானோ குறுக்கே வரவில்லை. இராஜேஸ்வரி மூச்சை உள்ளே இழுப்பது குழாய்க்குள்ளால் தெளிவாகக் கேட்டது. நவரட்ணம் தொப்பியைக் கழற்றினார்.

ஒன்றுமில்லை. மெசின் உடுப்பைப் பிழியத் தொடங்கியது.

அவர் எழும்பினார். பதின்மூன்று படியையும் உடைந்த கைபிடியில் பிடித்துப் பிடித்து இறங்கினார். மாஸ்டரின் அறைக் கதவு திறந்திருந்தது. மாஸ்டர் பியானோவுக்கு முன்னால், காதில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில். சுவரோரமாக, மேலே போகிற தகரக் குழாயில் ஒரு கையை வைத்தபடி இராஜேஸ்வரி நின்றாள்.

"ஐயோ, ஏன் இறங்கி வந்தனீங்கள்? படி வழுக்குமெல்லோ!"

"சாகப்போறவனுக்குப் படி வழுக்கினால் என்ன, வழுக்காட்டி என்ன?"

"சீச்சீ, என்ன கதை இது?" என்று யாராவது சொல்வார்கள் என்று அவர் அரை நிமிடம் காத்திருந்தார். அந்த அரை நிமிடத்திலேயே பாதி விசயம் முடிந்துவிட்டது. மிச்சப் பாதிக்காக மாஸ்டர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீர் ஏன் இவளை ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில நிப்பாட்டுறீர்? மேல போகவிட்டால் என்ன?"

"நானா?" மாஸ்டர் எழுந்து நின்றார். "நான் ஒருநாளும் நிறுத்தவில்லை. உங்கள் மனைவி அந்த இடத்துக்கு வந்ததும் குரல் போய்விடும். மூச்செடுக்கட்டும் என்று முதல் அடியை வாசிப்பேன். ஏழு கிழமையாக அதைத்தான் செய்கிறேன்."

நவரட்ணம் பக்கத்தில் கிடந்த உடுப்புக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதற்கு மேலே இருந்தார்.

"இராஜேஸ், எனக்கு என்ன வருத்தம்?"

"சொல்லமாட்டன்."

"ஏன்?"

"பிள்ளைக்கு இப்ப வயித்தில நாலு மாசம். என்ர கையைப் பிடிச்சு வயித்தில வைச்சு, அப்பாட்டைச் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் வாங்கினவள். நீங்களுந்தானே அவள் பொஸ் எண்டனீங்கள்."

தனக்குப் பேரப்பிள்ளை வரப்போகிறது என்ற செய்தியும் மறைக்கப்பட்ட செய்திகளில் ஒன்று என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் அதை ஒரு பக்கமாக எடுத்துவைத்தார். ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

"அப்ப இவரிட்டை மட்டும் எப்பிடிச் சொன்னனீ?"

"நான் எங்க சொன்னனான்? மெசினைப் போட்டிட்டு அழுதுகொண்டு நிண்டன். இவர் வந்து கதவில தட்டினார். ஒண்டும் கேக்கேல்ல. தன்ர தாயும் உப்பிடித்தான் எண்டார்." இராஜேஸ்வரி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "பிறகுதான் யோசிச்சன். சொல்லமாட்டன் எண்டுதானே சத்தியம். பாடமாட்டன் எண்டு ஆரும் கேக்கேல்லயே. உங்கட கதிரைக்கு நேர கீழ வந்து நிண்டு பாடினன். ஆனா அந்த அடி வந்தால் தொண்டைக்குள்ள கல்லு வந்து விழுகுது. நான் என்ன செய்ய?"

"இப்ப பாடு."

"உயிரோட இருக்கிற ஆளின்ர முகத்தைப் பாத்துப் பாடக்கூடாது."

"அப்ப மற்றப்பக்கம் திரும்பி நில்."

அவள் திரும்பினாள். மெசின் ஓய்ந்திருந்தது. மாஸ்டர் பியானோவைத் தொடவில்லை.

ஈரலிலே கறையான் போய் – என்ர துரையே
இருந்தரிச்சுத் தின்னுதெண்டு
மார்கழிக்கு அங்காலே – என்ர துரையே
மாதமில்லை எண்டினமே

பேஸ்மென்ற் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரன் இலை கூட்டுகிற சத்தம் கேட்டது. நவரட்ணம் விரலை மடித்தார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. டிசம்பர் முடிய இரண்டரை மாதம். அவருக்கு முதலில் தோன்றியது ஒரு விசித்திரமான எண்ணம்: நவம்பர் கடைசி என்றால் கச்சேரிக்குப் போகலாம். அதற்குப் பிறகுதான் மடித்த விரல்களை விரித்துத் திரும்பவும் எண்ணினார். மூன்றுக்கு மேலே வரவில்லை.

மாஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். கண் நவரட்ணத்தின் மேல், கை மட்டும் தன்பாட்டில் தாளில் போய்க்கொண்டிருந்தது. பார்ப்பதை நவரட்ணம் பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் பென்சிலைக் கீழே போட்டார்.

"மன்னிக்கவேண்டும். சொற்கள் எனக்கு விளங்கவில்லை. ஆனால் இதை நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன்."

"விளங்காட்டிப் பரவாயில்லை. நீர் எழுதும்." நவரட்ணம் மனைவியின் முதுகைப் பார்த்தார். "ஆனா கல்வீடு எண்டு பாடாத. வெளியில ஒரு வரிச் செங்கல், உள்ளுக்குள்ள எல்லாம் பலகை. கட்டினதும் நானில்லை, பில்டர்."

"ஒப்பாரியில பலகை வீடெண்டு ஆர் பாடுறது?" என்றாள் இராஜேஸ்வரி சுவரைப் பார்த்தபடி. "உங்களுக்கு விசரே?" அவளுடைய தோள் குலுங்கியது. அது சிரிப்பா மற்றதா என்று பின்னால் இருந்து சொல்லமுடியவில்லை.

அவர் எழும்பி அவளுக்குப் பக்கத்தில் போனார். நாற்பத்தொரு வருடத்தில் இந்த மாதிரியான நேரத்துக்கு என்று அவர்களிடம் ஒரு பழக்கமும் இருக்கவில்லை. கொஞ்சநேரம் யோசித்து, குழாயில் இருந்த அவளுடைய கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தார். தகரம் குளிர்ந்து கிடந்தது.

அப்போது மேலே முன்கதவு திறந்தது. "அப்பா? அம்மா? வெயார் இஸ் எவ்ரிபடி?" தனுஷிகா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுடைய காலடி வரவேற்பறையைக் கடந்து வெறும் சாய்கதிரைக்கு முன்னால் நின்றது. பிறகு அவசரமாக நடந்தது.

இராஜேஸ்வரி வெளிறிப்போனாள். "அவளுக்குத் தெரிஞ்சால் தாங்கமாட்டாள். வயித்துப் பிள்ளைக்காறி..."

"நீ ஒண்டும் சொல்லேல்ல. நான் ஒண்டும் கேக்கேல்ல." நவரட்ணம் தொப்பியைத் திரும்பவும் போட்டுக்கொண்டு படியேறினார். இறங்கும்போது பதின்மூன்றாக இருந்த படிகள் இப்போது கூடியிருந்தன.

தனுஷிகா குசினி வாசலில் நின்றாள். அவரைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்து மூச்சுவிட்டாள்.

"எங்க போனனீங்கள், அப்பா?"

"ஹீற்றரைத் திரும்பப் போட. இனிக் குளிராது."

அவள் அவரைச் சாய்கதிரைக்குக் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினாள். தானும் எதிரே இருந்தாள். கண்ணுக்குக் கீழே பவுடர் கூடுதலாகப் பூசியிருந்தது. இவ்வளவு நாளும் அவர் அந்த முகத்தில் தன் நோயைத் தேடினாரே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று மாதமாக இந்தப் பிள்ளை ஒரு பிரேதத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு ஸ்ரௌவ்வில்லுக்கும் அஜின்கோர்ட்டுக்கும் கார் ஓடியிருக்கிறது. கொடுத்தவர் அவர். கையை ஒரு வீசு வீசிக் கொடுத்தார்.

"அப்பா, நான் ஒண்டு யோசிச்சனான்," என்றாள் தனுஷிகா. வழி முழுக்கக் காருக்குள் சொல்லிப் பழகிய குரல். "ஜனவரியில உங்களுக்கு செவன்ரி. நாங்கள் பெரிசாச் செய்யவேணும். ஹோல் புக் பண்ணட்டோ?"

குசினிப் பக்கம் இராஜேஸ்வரி வந்து நிற்பது தெரிந்தது. நவரட்ணம் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஜனவரியோ?" என்றார்.

"ஓம். ஏன், வேண்டாமோ?"

"ஆர் வேண்டாமெண்டது? எழுபது சின்ன விசயமே? புக் பண்ணு. பெரிய ஹோலாப் பார்."

"எத்தனை பேர் எண்டு போட?"

"முன்னூறு போடு. சனம் கனக்க வரும்."

தனுஷிகா தலையைக் குனிந்து அந்த இலக்கத்தைப் போனில் அடித்தாள். மூன்று இலக்கம்தான். ஆனாலும் நிமிர அவளுக்கு நேரம் எடுத்தது. நவரட்ணம் அவசரப்படுத்தவில்லை.